துதிக்கை வைத்த ணை

2023 மார்ச் 15, புதன்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கோயில் களத்தில் வெறுங்காலை ஊன்ற முடியாத வெயில். பலிக்கல்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கிடாக்களை இழுத்து வந்தார்கள். முதல் கிடா ஒன்றுதான் இருக்க முடியும்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு முதல் கிடா பண்ணைக்காரர் வீட்டுடையது. அந்தப் பெயரில் அண்ணன் வழி, தம்பி வழி என்று இரண்டு வீடுகள். வருடம் மாறி வருடம் முறை. திருவிழா நோட்டீசில் மூத்தவர், இளையவர் என்று போட்டதற்கு முன்பொருமுறை மண்டைகள் உடைந்தன. அதற்குப் பிறகு ஒரு சமரசம். யானைத் துதிக்கைபோல வளையும் பழைய ணை அண்ணன் வழிக்கு. இப்போது எல்லோரும் எழுதும் ணை, தங்கள் முதல் லாரியிலேயே அப்படி எழுதிய தம்பி வழிக்கு. நோட்டீசில் பண்ணைக்காரர் என்பதில் உள்ள ணையைப் பார்த்தால் முறை யாருக்கென்று தெரிந்துவிடும்.

இந்த முறை அண்ணன் வழிக்கு. நோட்டீஸ் எழுதுகிற என்னிடம் கமிட்டித் தலைவர், "வாட்சப்புல போட்டுடுங்க வாத்தியாரே, அச்சுக்கூலி மிச்சம்" என்றார்.

"செல்போன்ல பழைய ணை வராதுங்க. தம்பி ஊட்டு ணைதான் வரும்."

"நீங்க ஒவ்வொரு அரிசிக்கும் கணக்குப் பாக்கறவரு. சும்மா போடுங்க, வாயால சொல்லிக்கலாம்."

போட்டேன். தம்பி வீட்டுக்கு வாயால் யாரும் சொல்லவில்லை.

"எளுத்தப் பாருடா, எங்க ணை!" என்று பலிக்கல் அருகே தம்பி வீட்டுக்காரன் செல்போனை அண்ணன் வீட்டுக்காரன் மூக்கில் இடித்தான்.

"கமிட்டி எங்களுக்குன்னு சொன்னது உங்கப்பனுக்குக் காது கேக்கலயா?"

கயிறு இழுபட்டது. நான் நடுவே போனேன். உலக்கைக் கனத்தில் ஒரு தடி என் வாயில் விழுந்தது. கீழே கிடந்தபடி பார்த்தேன்: தம்பி வீட்டுக்காரன் தன் கிடாவின்மேல் அரிவாளை ஓங்கினான்; தடுக்க வந்த அண்ணன் வீட்டுக்காரனின் கை அதன் கொம்பை விடவில்லை. ஒரே வீச்சில் கிடாவின் தலையும் அந்தக் கையின் இரண்டு விரல்களும் கல்லுக்கு அந்தப்பக்கம் விழுந்தன. மற்ற கிடா ரத்தத்தை மிதித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடியது. பிறகு கல், செருப்பு, நாற்காலி.

சேலம் ஆஸ்பத்திரியில் விரல் போனவன் கட்டுப்போட்ட கையைக் காட்டிக் கேட்டான்: "ஏனுங்க வாத்தியாரே, எங்க எளுத்துக்கு செல்போன்ல எடமே கெடையாதுங்களா? நீங்க எளுதிப்போட்டா கேக்க மாட்டாங்களா?"

எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் சபைக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் எழுத்துரு வரையும் என் மருமகனை அழைத்தேன்.

"மாமா, வடிவம் மாறுனா எழுத்துரு பாத்துக்கும். அர்த்தம் மாறுனாத்தான் தனி எண்."

"இங்க ஆளே மாறுதே மாப்ள! ரெண்டு விரலு போச்சு!"

"அது உங்க ஊருக்குள்ள வச்சுக்கிட்ட அடையாளம். எப்படி எழுதுனாலும் பண்ணைங்கிற சொல்லு ஒண்ணுதானே? எண் குடுத்தா பழைய புத்தகத்துல தேடறவங்களுக்குப் பாதி சொல்லு கெடைக்காது."

கத்திவிட்டுப் போனை வைத்தேன். மனு ஒன்பது பக்கம் வளர்ந்தது. பத்தாவதை எழுதிக்கொண்டிருந்த வாரம் ஆட்டையாம்பட்டி சாலையில் தம்பி வீட்டாரின் புது லாரியைப் பார்த்தேன். நெற்றியில் சிவப்புப் பெயின்ட்டில் பண்ணைக்காரர், ணையில் துதிக்கை. வேண்டுமென்றே எழுதியிருந்தார்கள். பெயின்ட் காயும் நேரத்தில் அந்த எழுத்து வீடு மாறிவிட்டது. எண் கொடுத்திருந்தாலும் அதையும் இப்படித்தான் அமுக்கியிருப்பார்கள். படிக்கிற எவருக்கும் அது அதே சொல்தான். தனி எண்ணுக்கு அதற்குத் தகுதி இல்லை. மருமகனிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசந்தது.

மனுவை நிறுத்திவிட்டேன் என்று விரல் போனவன் வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். அவன் கூடப்பிறந்த தம்பி, "அவிய கிட்ட எவ்வளவு வாங்குனீங்க?" என்றான். நான் வீடு வந்து சேருவதற்குள் பின்னாலேயே வந்து, ஜன்னல் வழியாகக் கடப்பாரையை விட்டெறிந்தான். அது கணினித் திரையைப் பிளந்து சுவரில் மோதியது.

பல் இரண்டு கட்ட 14,000. ஜன்னல் கண்ணாடி 1,850. திரை 7,400. ஆட்டோ மூன்று முறை, 450. ஆக மொத்தம் 23,700 ரூபாய்.