பன்னிரண்டு நிமிடம்

தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தை நான் ஜெயித்தது என் பத்தாவது வயதில். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சதுரங்கப் போட்டி. கடைசிச் சுற்று. ஜெயிப்பவள் புனேவுக்குப் போவாள். எதிரே உட்கார்ந்தவள் செம்பூர் தமிழ்ப் பெண்; கண்ணாடி போட்டவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அப்பா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மற்ற பெற்றோர்களோடு நின்றிருந்தார். நான் புனே போகப்போவதாகப் பட்டறை முழுக்க ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

என் ராணிக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அவள் குதிரையை நகர்த்தினாள், தாளில் எழுதினாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தன் நேரத்தை நிறுத்தி என் நேரத்தை ஓடவிடும் கடிகாரப் பொத்தானை மட்டும் அழுத்த மறந்துவிட்டாள். ஆட வேண்டியது நான். ஓடிக்கொண்டிருந்ததோ அவளுடைய நேரம். அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தது; அது தீர்ந்தால் ஆட்டம் எனக்கு.

சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தேன். அம்மா கண்டிருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. சத்தம் கேட்காமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேரம் தீர்ந்ததும் கையைத் தூக்கினேன். நடுவர் வந்து பார்த்து, "டைம் கதம்" என்றார். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சண்டை போடவில்லை.

"நீ யோசிக்கறேன்னு நெனச்சேன். டிஸ்டர்ப் பண்ண வேண்டாம்னு பேசாம இருந்தேன்," என்று சொல்லிவிட்டு, கை கொடுத்தாள்.

ஆடி முடித்தால் பஸ்ஸில் ஒவ்வொரு நகர்த்தலாகக் கேட்பது அப்பாவின் வழக்கம். அன்று எதுவும் கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன்.

"எப்பா, ரொம்ப நேரம் யோசிச்சேம்லா?"

"ஆமாளா. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நின்று நின்று கால் வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து கடிகாரம் நன்றாகத் தெரியும் என்பதோ, பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பதால், நானாவது திறப்பேனா என்று அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பதோ எனக்கு அன்று விளங்கவில்லை.