பாறைமேல் வந்த பதில்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையிலேயே முதல் கைப்பேசி எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குத்தான் வந்தது. கொழும்புக் கடையில் வேலை பார்த்த அப்பா வாங்கி அனுப்பியிருந்தார். ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதுவரை அப்பாவின் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது அக்காவின் வேலை. ஒரு கடிதத்தை அரை மணி நேரம் வாசிப்பாள். அம்மாவின் இருமல் நின்றதா, அவரை காய்த்ததா, சின்னவள் ஒழுங்காகப் படிக்கிறாளா என்று அப்பா ஒன்றுவிடாமல் விசாரித்திருப்பார். சின்னவள் நான்தான். அக்கா பதுளைக்குப் படிக்கப் போனதும் பதவி எனக்கு வந்தது.

கோயிலுக்குப் பின்னாலிருந்த பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா மழை, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். நான் "எல்லாரும் நலம்" என்று தட்டி அனுப்பிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்கே பெருமை தாங்காது. வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னபோதும் மூன்றே வரியில் முடித்து முதல் ஆளாக நீட்டினேன். யாழ்ப்பாணத்து டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடிதமோ பிள்ளை, தந்தியோ?"

பத்துக்கு மூன்று போட்டார். டீச்சரிடம் போன் இல்லாத பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின பொங்கலுக்கு அப்பா வரவில்லை. இந்த முறையாவது வருவாரா என்பதுதான் அம்மாவின் கவலை. "பொங்கலுக்கு வாங்க" என்று அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் போன் கிணுகிணுத்தது! பாறைமேல் நின்று குதித்தேன்.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"சரின்னு எழுதியிருக்காரும்மா!"

"அவ்வளவுதானா? நல்லா கீழ பாரு, இருக்கும்."

பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஒனக்கு வாசிக்கத் தெரியல," என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னபடி அப்பா வந்தபோது, நான் வாசித்தது சரிதானே என்று அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அம்மா சிரித்தாள்.

அக்காவின் கல்யாணத்துக்கு வீட்டை ஒழுங்குபடுத்தியபோதுதான் அப்பாவின் பழைய கடிதங்கள் என் கையில் கிடைத்தன. எல்லாம் ஒரே மாதிரி. நலம். நலமறிய ஆவல். லீவு கிடைத்தால் வருகிறேன். மூன்றே வரி. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன், வெறும் தாள். இருமலைப் பற்றி விசாரித்தது அக்கா. என்னைப் பற்றி விசாரித்ததும் அக்காதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே பார், இருக்கும் என்று அம்மா கேட்டபோது நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.