கொடியில் விறைத்த விரிப்பு

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். சண்டைக்குள் இருந்து வந்தவளுக்கு மனிதரைக் கண்டுதான் பயம். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமும் இல்லை, நானே முதலில் நம்பவில்லை.

ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறோம். விறகடுப்போடு ஒரு பழைய வீடு. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் ஹில்டா அம்மா. வீட்டை எங்களுக்கு விற்றுவிட்டு எதிர்ப்பக்கத்தில் தனியாக இருந்தார். பின்னேரங்களில் கோப்பி குடிக்க வருவார். அடுப்படிக் கதிரையில் உட்காரும்போது ஒவ்வொரு முறையும் "ஸோ..." என்று நீட்டி மூச்சு விடுவார். இங்கத்தைய வயதானவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஒரு வேலை முடிந்தது என்கிற மாதிரி.

போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில் ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்கு ஒருவராகத் தங்கவைத்துக் கிராமத்துப் பழைய வாழ்க்கையைக் காட்டுவோம் என்று ஊர்க்காரர் முடிவெடுத்தார்கள். எங்களையும் கேட்டார்கள். நாலு பேரோடு கதைக்கவே கூச்சப்படுகிற எனக்கு அது பெரிய விஷயம். வந்தது கோயம்புத்தூர்ப் பிள்ளை, கீர்த்தனா.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜேர்மன் கிராமம் பாக்க வந்த பிள்ளைக்கு இடியப்பமும் சொதியும். நல்லா இருக்கப்பா உங்கடை பழைய வாழ்க்கை."

"அங்கிள், நான் கம்ப்ளெயின்ட் பண்ணலையே" என்றாள் அவள், மூன்றாம் முறை சொதி ஊற்றிக்கொண்டு.

அவளுடைய தாய் தினமும் போன் எடுப்பார். "ஒரே பொண்ணுங்க, பத்திரமாப் பாத்துக்கோங்க." ஓம், நான் பொறுப்பு என்று சொன்னேன். அந்தச் சொல் பிறகு என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

நத்தார் முடிந்து ஒரு நாள் நல்ல வெயில். அவளுடைய படுக்கை விரிப்பைத் தோய்த்து முற்றத்துக் கொடியில் போட்டேன். விருந்தாளிக்குத் தோய்த்த விரிப்புப் போடாமல் விடுவோமா? ஹில்டா அம்மா வீட்டுச் செருப்போடேயே பனிக்குள் ஓடிவந்தார்.

"எடு, உடனே எடு. நத்தாருக்கும் ஜனவரி ஆறு, மூன்று அரசர் திருநாளுக்கும் நடுவில் இங்கே வெள்ளைத் துணி காயப்போட மாட்டோம். போட்டால் வருகிற வருடம் அது அந்த வீட்டுப் பிணம் ஒன்றை மூடும்."

கீர்த்தனாவுக்கு ஒரே சந்தோஷம். "ஆன்ட்டி, இதுக்குத்தானே வந்தேன்! ப்ளீஸ், எடுக்காதீங்க, போட்டோ எடுத்துக்கறேன்." நானும் விட்டுவிட்டேன்.

நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். விரிப்பை எடுக்கப் போனால் அதற்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி, தலை, தோள், முழங்கால் எல்லாம் துணியில் புடைத்துத் தெரிகிறது. காற்றே இல்லை.

"விளையாடாதை பிள்ளை, குளிருது, உள்ளை வா."

"என்னையா கூப்பிட்டீங்க?" கீர்த்தனாவின் குரல் வீட்டுக்குள், குசினி யன்னலில் இருந்து வந்தது.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பனியில் என் காலடி மட்டும். துணி உறைந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. குளிரில் ஈரத்துணி விறைக்கும்தான், அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஆனால் ஆள் மாதிரி விறைத்ததைக் கண்டதில்லை.

அப்படியே தூக்கிக்கொண்டு வந்து குசினியில் அடுப்பருகே சுவரில் சாத்தினேன். கீர்த்தனா சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தாள். சூட்டில் அது மெல்ல இளகியது. முதலில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு முழங்கால் மடிந்தது. ஒரு ஆள் களைத்துப்போய் உட்காருவது மாதிரி மெதுவாக நிலத்தில் உட்கார்ந்தது. அவள் போனை வைத்துவிட்டு அந்தத் துணியை எடுத்துத் தலையோடு போர்த்து, "ஆன்ட்டி, பேய்!" என்றாள்.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. ஹில்டா அம்மா. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவள் தலையில் இருந்து விரிப்பை இழுத்தெடுத்து மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இவள் விருந்தாளி. நீங்களும் நேற்று வந்தவர்கள். இந்த வீட்டுப் பிள்ளை நான்தான்."

கோப்பி கேட்காமலே போய்விட்டார்.

கீர்த்தனா சுகமாகத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் ஏதாவது சாட்டுச் சொல்லி அவளுக்குப் போன் எடுத்து, குரலைக் கேட்டபிறகுதான் படுத்தேன். பெப்ரவரியில் ஹில்டா அம்மா இறந்தார். ஹம்பேர்க்கில் இருந்து வந்த மகள் சொன்னார், அடுப்பருகில் கதிரையில் இருந்தபடியே போயிருக்கிறார், தலை ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்து வரைக்கும் எங்கள் விரிப்பைப் போர்த்தபடி. கவலையோடு கவலையாக எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த நத்தாருக்கும் வரவா என்று கேட்டு, கீர்த்தனா போன கிழமை அந்த வீடியோவை அனுப்பினாள். ஒரு தரம்தான் பார்த்தேன். அவளுடைய சிரிப்புக் கேட்கிறது. அடுப்பில் விறகு வெடிக்கிறது. தலை சாய்கிறது, முழங்கால் மடிகிறது, துணி நிலத்தில் உட்காருகிறது.

உட்காரும்போது, "ஸோ..." என்கிறது.

குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான். ஹில்டா அம்மா மணி அடித்தது அதற்குப் பிறகு. கீர்த்தனா அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.