சுவரோரத்துப் பதினோரு பேர்

கோபம் வந்தால் ரோசம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுவாள். கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிய முப்பது வருடத்தில் அது இரண்டே முறைதான் நடந்தது. புருஷன் தாவீதை அடக்கிய இரண்டாம் வருடம், அடுத்த பிணத்துக்கு இடம்விட அவன் குழியைத் தோண்டி, எலும்பைத் தோட்டத்துப் பொது எலும்புக் கிணற்றில் போட்டபோது முதல் முறை. மும்பையில் சாதாரண சனத்துக்கு அவ்வளவுதான் மண். அழுதுவிட்டு மறுநாளே வேலைக்கு வந்தாள்.

அங்கே தோண்டப்படாமல் கிடந்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, போர்க்காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வழுவழுப்பான கல், வெட்டிய புல். மற்றது, சுவரோரம் பைப்புச் சிலுவை நட்ட பதினோரு பேர். அடியில் பாறை, மறுபடி தோண்ட யாருக்கும் தெம்பில்லை, அதனால் தப்பித்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவள் அப்பாவைப் பெற்ற சூசை மிக்கேல். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தாராவித் தோல் ஷாப் வேலை முடிந்து வரும் வழியில், ‘வெள்ளையனே வெளியேறு’ கூட்டத்தைப் பட்டாளம் சுட்டதில் விழுந்தவர். சுட்ட பட்டாளத்து வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் பத்து நாளில் காய்ச்சலில் போனான். பத்தொன்பது வயது. ‘கடமையில் உயிர் நீத்தான்’ என்று அவன் கல்லில் இருக்கிறது. காய்ச்சலுக்கு என்ன கடமையோ!

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளில், ரோசம்மா அவனுக்கும் ஒரு மெழுகுத்திரி ஏற்றுவாள். “சுட்டவனுக்கா?” என்று தாவீது ஒருமுறை கேட்டான். “செத்தவனுக்கு” என்றாள்.

போன வருடம் பழமையைக் காப்பாற்ற ஒரு கமிட்டி வந்தது. மாட்டுங்காவிலிருந்து வந்த சாருலதா மேடம் சிப்பாய்களின் கதையைப் போர்டில் எழுதினாள்.

“அதுல எங்க தாத்தா பேரையும் ஒரு வரி போடுங்க மேடம்.”

“ரெஜிஸ்டர்ல பேரே இல்லையேம்மா. ‘மதராஸி கூலி, ஆண்’னுதான் இருக்கு. ப்ரூஃப் இல்லாம நாங்க எப்படிப் போடறது?”

குழிக்குள் கிடப்பவர் போதாதாம், காகிதம் வேண்டுமாம். சுட்டவர்கள் எழுதி வைத்த காகிதம்!

அடுத்த ஞாயிறு அவள் பூசைக்குப் போன நேரத்தில் சுவரோரம் முழுக்கப் பேவர் பிளாக் பாவிவிட்டார்கள், பார்வையாளர் நடக்க. பைப்புச் சிலுவைகள் பழைய இரும்புக்குப் போயிருந்தன. துடைப்பத்தை அங்கேயே போட்டாள் ரோசம்மா. மறுநாளும் எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று திறப்பு விழா. பிளாக்கின் மேல் பதினோரு திரி ஏற்றி, ஆள் நடக்கவிடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சாருலதா பன்னிரண்டாவது திரியோடு வந்தாள்.

“வருஷா வருஷம் அந்த ஸோல்ஜருக்கு நீங்கதான் ஏத்துவேளாமே? ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வாங்கோ.”

“ஏத்துனேன். பெத்தவ வரமுடியாத புள்ளைன்னு முப்பது வருசம் ஏத்துனேன். இந்த வருசம் மாட்டேன். அவன் சுட்டான்னு இல்ல மேடம். அவம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லாம இருந்துச்சு. நீங்கதான் உண்டாக்கிட்டீங்க.”