ஒட்டுப்புரதமும் ஒரே குடியும்

அன்று வீட்டுக்கு ஆள் வருகிறது என்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் உம்மா திரைச்சீலையை மாற்றிக்கொண்டிருந்தார். வரப்போவது என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒருவரின் தாய். கல்யாணம் முடித்தால் அந்த மனிதரைத்தான் முடிப்பது என்று நான் இருந்தேன். உம்மாவுக்கும் அது தெரியும்.

உள்ளறையில் மடிக்கணினியைத் திறந்து, ஆராய்ச்சிக்கு எடுத்திருந்த புரதத்தைத் திரையில் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தேன். நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் அது. மணி கோத்ததுபோல் ஆறு துண்டுகள். இடையிடையே கல்சியம் இருந்து சங்கிலியை விறைப்பாக வைத்திருக்கும். நரம்புக்கலங்களின் இரண்டு கிளைகள் தொட்டுக்கொண்டால் இதன் முதல் துண்டு அதன் நாலாம் துண்டோடு என்று எதிரும் புதிருமாகப் படுத்துப் பொருத்தம் பார்க்கும். ஒரு கலத்தில் இப்படிப் பல வகைச் சங்கிலிகள். எல்லா வகையும் பொருந்தி வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால், இது நானேதான் என்று கலம் அறிந்துகொள்ளும். அறிந்ததும் கிளைகள் விலகிவிடும். ஒரு வகை பொருந்தாமல் போனாலும் அடுக்கு அங்கேயே நின்றுவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். விலக்குகிற இதற்குப் போய் ஒட்டுப்புரதம் என்று பெயர் வைத்தார்களே என்று எனக்கு எப்போதும் எரிச்சல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய தாய் தொதல் இனிப்போடு வந்தார்.

"வாங்க மாமி" என்றேன்.

"நல்லா இரிக்கியா மகள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளை வந்து இருக்கப்போகும் மேல்மாடியை உம்மா காட்டினார். பூச்சு வேலை மட்டும்தான் பாக்கி. கீழே வந்து தேநீர் குடிக்கும்போது உம்மா அவரிடம் கேட்டார்: "நீங்க என்ன குடி தங்கச்சி?"

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். ஒரே குடியென்றால் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, முடிக்க ஏலாது. இப்போது பலர் பார்ப்பதில்லை. உம்மா பார்ப்பார்.

அவர் சொன்னார். உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாங்க ஒண்டுதானே!"

இருவரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கோத்து, யாருடைய மூத்தம்மா எந்தத் தெரு என்று சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். கல்யாணப் பேச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருந்தது? அந்த மனிதர் எனக்குக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி, ஆகிவிட்டார். தட்டை ஏந்திக்கொண்டு நின்ற எனக்குக் காது கொதித்தது.

"இப்ப இதெல்லாம் ஆரு உம்மா பாக்கிற?"

"பாக்காட்டி இல்லாமப் போயிருமா?" என்றார் உம்மா, என்னைத் திரும்பியும் பாராமல்.

வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. "சாச்சி போறா, ஸலாம் சொல்லு மகள்" என்றார் உம்மா. மாமியாக வந்தவரைச் சாச்சியாக, உம்மாவின் தங்கச்சியாக, அனுப்ப ஒரு கோப்பைத் தேநீர் போதுமாக இருந்தது.

ஸலாம் சொன்னேன். பிறகு, "போயிட்டு வாங்க மாமி" என்றேன்.

உம்மா என் கையை நுள்ளினார். வலித்தது. இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னேன்: "மாமி."

வண்டியில் ஒரு காலை வைத்தபடி அவர் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாச்சி என்று அவர் என்னைத் திருத்தவில்லை.