அண்ணன் ஊர்ப் பனி

அப்பா ஜொகூர் பாரு நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்தில் ஸ்கூடாயில் இருந்த வீட்டில் நானும் அவரும்தான். அம்மா முன்பே போய்விட்டார். தெப்ராவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து நான்தான் சமைப்பேன், அவரைக் குளிப்பாட்டுவேன், மருந்து கொடுப்பேன்.

அண்ணன் கனடாவில் ஒரு சின்ன ஊரில் குடும்பத்தோடு இருந்தான். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் தன் ஊரைப் படமெடுத்து அனுப்பினான். கூரை, வேலி, பாதை எல்லாம் பனி. மேலே சிவந்த வானம். அதைப் பெரிதாக வரைந்து அவனுக்குத் தரப்போவதாக அப்பா சொன்னார். வாலிபத்தில் மாதா கோயில் திருநாளுக்கு விளம்பரத் தட்டி எழுதியவர். வலது கை நன்றாகத்தான் இருந்தது. கேன்வாஸும் பெயிண்டும் வாங்கி வந்தேன்.

ஒரு மாலை கேட்டார்: "பனி மேல சாயங்கால வெயில் பட்டா நிழலு என்ன கலரும்மா?"

அண்ணனின் போட்டோவில் நிழல் விழுந்த இடம் வெறும் இருட்டாக இருந்தது. அவனுக்குச் செய்தி அனுப்பினோம். பார்த்துவிட்டான், பதில் வரவில்லை. மறுநாள் கேண்டீனில் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு போனில் படம் படமாகத் தேடினேன். நிழல் நீலம் என்று நான்தான் வந்து சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். பல வருடம் கழித்து வந்தவனைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா படத்தைக் காட்டினார். நிழல் நீலமாக இருக்கும் என்று மகன் சொல்லித்தான் தெரியும் என்றார். அண்ணன் மறுக்கவில்லை. நான் அடுப்படியில் முறுக்கு பொரித்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் பக்கத்தில் நின்று அண்ணன் செல்பி எடுத்துப் போட்டான். நிறைய பேர் பாராட்டினார்கள். கிளம்பும்போது பெட்டியில் இடமில்லை என்றான். இங்கே வாங்கிய சாமான்களுக்காக அதற்கு முதல் நாள்தான் கடையிலிருந்து புதுப் பெட்டி ஒன்று எடுத்து வந்திருந்தார்கள். அவன் முகம் வாடுவதற்குள் அப்பாவே முந்திக்கொண்டார்: "பிளேன்ல இதெல்லாம் ஏத்த விடமாட்டாங்கய்யா." அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும், படத்தைத் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தார், சாகும்வரை.

அடக்கத்துக்கு அண்ணன் வரவில்லை. போனில் பார்த்தான். சில வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"அந்தப் படத்த மட்டும் அனுப்பி வைம்மா. அப்பா எனக்காகத்தான வரைஞ்சாரு?"

உண்மைதான். அதுதான் எனக்கு எரிந்தது.

"நீயே வந்து எடுத்துக்கண்ணே," என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. எனக்கு அந்தப் படம் பிடித்ததே இல்லை. இருந்தும் அனுப்பவில்லை.

போன மாதம் அத்தை வந்திருந்தார். ஒரு படத்துக்காகவா கூடப்பிறந்தவனோடு பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டார். படத்துக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.