கதவு ரப்பருக்கு அடியில் இருந்த நிறம்

அப்பாவின் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பிரேக்கும் தோல் சீட்டும் போட்டாயிற்று. பெயின்ட்தான் பாக்கி.

"இந்தக் கறுப்பு அப்புறம் அடிச்சதுங்க. ஒரிஜினல் கலர் இன்னா?" என்று கேட்டுக்கொண்டே பெயின்டர் தின்னர் டப்பாவைத் திறந்தார்.

அந்த நெடியில் சின்ன வயசில் பார்த்த எங்கள் ஆரணிப் பட்டுக்கடை வாசல் நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா காரின் வலப்பக்கம் நின்று தின்னர் துணியால் தார்க்கறை துடைப்பார். அம்மா இடப்பக்கம் நிற்பாள்.

"நீலம்டி."

"பச்சைங்க. கண்ணு தெரியலையா?"

ஞாயிறுதோறும் இதே சண்டை. நான் யார் பக்கம் நின்றேனோ அவர் சொன்னதே சரியாகப் பட்டது. ஒருநாள் அம்மா காரில் ஏற மாட்டேன் என்றாள். மறுவாரம் அப்பா கறுப்படித்துக் கொண்டுவந்தார். அதிலும் அவள் ஏறவில்லை.

பெயின்டர் கதவு ரப்பரைப் பிரித்தார். அடியில் விரலகலம் பழைய பெயின்ட் இருந்தது.

"நீலம்," என்றேன்.

"இந்தாண்ட வந்து பாருங்க, பச்சையா கீது."

போய்ப் பார்த்தேன். பச்சைதான்.

நெடுக்கே நீலப் பாவும் குறுக்கே பச்சை ஊடையும் ஓட்டிய மயில் கழுத்துச் சேலையை விரித்து, "திருப்பிப் பாருங்க, வேற கலர் தெரியும்" என்று சொல்லித்தான் இருவரும் தினமும் விற்றார்கள். அந்தக் காரைச் சுற்றி நாலடி நடக்க இருவரில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.